முறிக்காத பத்தியம்

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டி என்னத்தைக் கண்டாரு மனுஷன்?"

நிதானம் அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த கூடத்தில், அவர் தலைமாட்டிலிருந்து நான்கு முழம் தள்ளி நின்றுகொண்டு அவருடைய மைத்துனர் இப்படிக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் சும்மா இருப்பாரா? "சோறு தின்னாத உடம்புல தெம்பு எங்கேருந்து வரும்? ஒரு காய்ச்சலைத் தாங்கல பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது ஆள் முட்டையைக் குற்றம் சொன்னார். பதினாலு வருஷம் விடாமல் முட்டை தின்றால் நெஞ்சில் சளி கட்டாமல் என்ன செய்யும் என்றார். அவர் எந்த ஊர் வைத்தியரோ, எனக்குத் தெரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் மூன்று பேரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கூட்டத்துக்கு இடைஞ்சல் என்று ஊன்றுகோல் இரண்டையும் யாரோ எடுத்து மூலையில் சாத்திவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவரைத் தூக்கத் தோள் கொடுக்க ஆறு பேர் வந்தார்கள். பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் அவரோடு ஓடியவன் நான். பேருக்கு ஒரு கை வைக்கக்கூட என்னால் முடியவில்லை. அவர் ரெண்டு காலோடு போனார். ஒரு விரல் குறைச்சல், அவ்வளவுதான். நான் ஒரு காலோடு இருக்கிறேன். என்னத்தைக் கண்டார் என்று கேட்டவர்களுக்கு அங்கேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அவர் டிரைவர், நான் கண்டக்டர், வண்டி பதினேழாம் நம்பர். டிப்போவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது, நிதானம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் பிரேக் போட்டால், நின்றுகொண்டு வருகிற கிழவிகூடக் கம்பியைப் பிடிக்க மாட்டாள். பின்னால் வருகிறவன் ஹார்னை அடி அடி என்று அடித்தாலும், "அவனுக்கு என்ன அவசரமோ, போகட்டும் விடு" என்று ஓரம் கட்டி வழி விடுவார். என்னை விசில் என்பார்கள். விசில் ஊதுகிறவன் என்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை, வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பதற்கும் சேர்த்துத்தான். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் தம்பி என்பார், உரிமை கூடினால் டேய் என்பார்.

எங்கள் டிப்போவில் வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை கோட்டைத் தாண்டினால் டிரைவரானாலும் கண்டக்டரானாலும் கீழே இறக்கிவிடுவார்கள். பிறகு ஆபீசில் ஃபைல் தூக்க வேண்டியதுதான். ஆனால் எந்தத் தேதியில் ரத்தம் எடுப்பார்கள் என்று பதினைந்து நாள் முன்பே போர்டில் ஒட்டிவிடுவார்கள். அங்கேதான் வந்தது வினை. தேதி ஒட்டிய அன்றைக்கே டிப்போ முழுக்கப் பத்தியம் ஆரம்பித்துவிடும். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, டீயில் சீனி கிடையாது. மாத்திரையை ஒன்றுக்கு ஒன்றரையாக முழுங்குகிற புத்திசாலிகளும் உண்டு. நானும் அதில் ஒரு புத்திசாலி. அந்தப் பதினைந்து நாளும் ஒருத்தன் முகத்திலும் சிரிப்பு இருக்காது. கையை நீட்டுகிற பயணியைப் பார்க்காத மாதிரி போவது, சில்லறை இல்லை என்று எரிந்து விழுவது எல்லாம் அப்போதுதான் அதிகம் நடக்கும்.

பாஸ் என்று சீட்டு வந்த அன்று மத்தியானம் கேன்டீனில் முறிப்பு. பத்தியம் முறிக்கிற விருந்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. சோறு மலையாகக் குவிந்திருக்கும். பன், கேக், வறுத்த உருளைக்கிழங்கு, கெட்டிப் பாகாகச் சீனி போட்ட டீ என்று மேஜை கொள்ளாது. யார் எத்தனை தட்டு என்று பந்தயம் வேறு. ஒரு தடவை ஏழு தட்டு தின்று நான் ஜெயித்தேன், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குப் பழைய குருடி, கதவைத் திறடி. இதை நாங்கள் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தோம். நிதானமும் அப்படித்தான் நினைத்தார், ஐம்பத்திரண்டாவது வயது வரைக்கும்.

அந்த வருஷம் ஒரு நாள், மூன்றாவது டிரிப் முடிந்து கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றது. பயணிகள் எல்லோரும் இறங்கின பிறகு பார்த்தால், டிரைவர் பக்கத்துத் தரையில் ரத்தம்.

"அண்ணே, எவனோ ரத்தம் சிந்திட்டுப் போயிருக்கான், பாருங்க. இதையும் நான்தான் துடைக்கணும்" என்று திட்டிக்கொண்டே துணியை எடுத்தேன். ரத்தத் திட்டு ஒவ்வொன்றாகப் படியில் இறங்கி, டீக்கடை பெஞ்சு வரைக்கும் போனது. பெஞ்சில் நிதானம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது ஷூவுக்குக் கீழே குட்டையாகத் தேங்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால், ஒரு ஆணி ஷூவைத் துளைத்து உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. காலையில் ஷெட்டில் வண்டி எடுக்கும்போது ஏறியிருக்க வேண்டும். மூன்று டிரிப் அந்தக் காலால்தான் பிரேக் போட்டிருக்கிறார்.

"ஐயோ, வலிக்கலையாண்ணே?"

அவர் குனிந்து பார்த்தார். "எங்கடா?" என்றார்.

எனக்குப் பயம் வந்தது. ஆணியைப் பார்த்தல்ல, அந்தக் கேள்வியைக் கேட்டு.

புண் ஆறவில்லை. அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார், தலை முழுக்க நரைத்தவர், நாக்கில் சவரக்கத்தி வைத்திருப்பவர். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் நிதானம் கேட்டார்.

"பத்தியம் எத்தனை நாளைக்கு டாக்டரம்மா?"

"நீங்க இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கறதா உத்தேசம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

"பதினஞ்சு நாள் வாயைக் கட்டறீங்க, ஆறு மாசம் அவுத்து விடறீங்க. உங்க டிப்போ ஆளுங்க விரலு எத்தனை எடுத்திருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். இது பத்தியம் இல்லைங்க. இனிமே இதுதான் உங்க சாப்பாடு."

சோறு, ரொட்டி, கிழங்கு, இனிப்பு நான்கையும் எடுத்துவிட்டு, முட்டை, மீன், கறி, கீரை, காய், தயிர், கடலை என்று வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னார். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மாத்திரையைக் குறைத்து எழுதினார். சாப்பாடு மாறும்போது பழைய மாத்திரையையே முழுங்கினால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிடுவீர்கள், என்னிடம் காட்டாமல் எதையும் மாற்றாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஒன்றரை மாத்திரை முழுங்குகிற எனக்குச் சுருக்கென்றது. அதோடு சரி.

நிதானம் வீட்டுக்கு வந்தார், அன்றைக்கே நிறுத்தினார். வீட்டில் ரகளை. அண்ணி எங்கள் வீட்டுக்கே வந்து அழுதாள். "இருபத்தாறு வருஷமா ஆக்கிப் போட்டேன் தம்பி. இப்ப என் கையால ஆக்கின சோறு விஷமா போச்சா?" என்றாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவர் தட்டை மொய்த்துக்கொள்வார்கள். ஒரு வாய்தானே, ஒரு வாயில் என்ன ஆகிவிடப் போகிறது, எனக்காக ஒரு வாய். அவர் யாரிடமும் வாதம் பண்ணியதில்லை. சாப்பிட மாட்டேன் என்றும் சொன்னதில்லை. "இன்னைக்கு வேணாம்" என்பார். அவ்வளவுதான். அது ஏதோ மரியாதைக்குச் சொல்கிற பேச்சு என்று நான் நினைத்தேன்.

நான் சும்மா இருந்தேனா? இன்ஜின் மூடிமேல் அவர் ஒரு தகர டப்பா வைத்திருப்பார். அந்தச் சூட்டில் அவித்த முட்டை நாலும் மத்தியானம் வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். அவர் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பேன். "உங்களைப் பார்த்தாலே கோழியெல்லாம் ஓடி ஒளியுதாம்ணே, ஊர்ல பேசிக்கறாங்க." கடைசி ஸ்டாப்பில் வேண்டுமென்றே அவருக்கு எதிரில் உட்கார்ந்து, சூடான பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துச் சாப்பிடுவேன். ஒரு துண்டை நீட்டுவேன்.

"இன்னைக்கு வேணாம் தம்பி."

"நாளைக்கு?"

"நாளைக்கு வரட்டும், பார்ப்போம்."

ஒரு தடவை மட்டும் நிஜமாகவே கேட்டேன். "கஷ்டமா இல்லையாண்ணே?"

"மூணு வாரம்தான்டா கஷ்டம். அதுக்கப்புறம் நாக்கு மறந்துடும். எனக்குச் சோத்தைப் பார்த்தா இப்ப மண்ணைப் பார்த்த மாதிரிதான் இருக்கு. நீயும் ஆரம்பி. உனக்கும் இருக்கில்ல? காலைப் பார்த்துக்கோ."

அதற்குப் பிறகு அதையே நூறு தடவை சொல்லியிருப்பார். மூணு வாரம்தான், பழகிடும். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. பழமொழிக்கு என்ன, வாய்க்கு வந்தபடி சொல்லலாம். ஆறுக்கும் நூறுக்கும் நடுவில் காலை வெட்டுவார்கள் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

அவருடைய சர்க்கரை இறங்கியது. முகம் தெளிந்தது. தொப்பை போனது. ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் வண்டியில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, பிரேக் எங்க இருக்குன்னு காலு சொல்ல மாட்டேங்குது. கண்ணால குனிஞ்சு பார்த்து மிதிக்கிறேன்."

"வெளியில சொல்லித் தொலைக்காதீங்க" என்றேன். நண்பனுக்கு நான் செய்த நல்லது அது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வேளை, ஸ்டாப்பை நெருங்கி வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் வண்டி முன்னால் பாய்ந்தது. ஸ்டாப்பின் இரும்புத் தூண் வளைந்து கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அங்கே பெஞ்சில் தினமும் எங்கள் வண்டிக்காகக் காத்திருக்கிற தையல்காரம்மா, காலை உள்ளே இழுத்துக்கொண்டதால் பிழைத்தார். அரை சாண் வித்தியாசம். நிதானம் இறங்கிப் போய், அந்தம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தம்மா திட்டியது எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

டிப்போவில் விசாரணை. நான் முந்திக்கொண்டு, ஒரு நாய் குறுக்கே வந்தது என்றேன். மேனேஜர் அதை எழுதப் போனார்.

"நாய் வரலை சார்" என்றார் நிதானம். "பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கேன். என் காலுக்குத் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

அன்றோடு ஸ்டியரிங்கை விட்டு இறக்கினார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். பொய் சொன்னதற்காக எனக்குப் பத்து நாள் சஸ்பெண்ட். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவருக்காகப் பொய் சொன்னேன், இவரே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாரே என்று.

அதற்கடுத்த முறிப்பு விருந்தில் அவரைக் கேன்டீனில் பார்த்தேன். எல்லோரும் பாஸ். அவருக்கு இனிமேல் டெஸ்டே கிடையாது, ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு யார் ரத்தம் எடுப்பார்கள்? நான் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே வறுத்த கிழங்கை அள்ளி வைத்து, அவர் முன்னால் கொண்டுபோய் நங்கென்று வைத்தேன். கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இனிமே யாருக்குப் பயந்துக்கிட்டு இருக்கணும்ணே? ஸ்டியரிங் போச்சு, விரல் போச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? சாப்பிடுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பிறகு டப்பாவைத் திறந்து ஒரு முட்டையை மேஜையில் தட்டி உரிக்க ஆரம்பித்தார்.

"இன்னும் ஒம்போது விரல் இருக்குடா" என்றார். "இன்னைக்கு வேணாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. தினமும் காலையில் டிரிப் ஷீட் வாங்க அந்த ஜன்னலுக்குத்தான் போக வேண்டும். ஷீட்டை நீட்டும்போது, "காலைப் பார்த்துக்கோ தம்பி" என்பார். நான் ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு வருவேன். பிறகு எப்படியோ பேச ஆரம்பித்தோம். எப்படி என்றுகூட ஞாபகமில்லை, அவர் நிறுத்தினால்தானே திரும்ப ஆரம்பிக்க? அவர் ரிடையராகிப் போன பிறகும், என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் அதே பல்லவிதான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் ஒரு கொப்புளம். வலிக்கவில்லை. வலிக்காததால் அது சின்னப் புண் என்று நினைத்தேன். சரியாக அந்த வாரம் போர்டில் தேதி ஒட்டிவிட்டார்கள். புண்ணைக் காட்டினால் டெஸ்டுக்கு முன்பே இறக்கிவிடுவார்கள் என்று துணியைச் சுற்றி, அதன்மேல் சாக்ஸைப் போட்டு மறைத்தேன். பதினைந்து நாள் பத்தியம் இருந்தேன், மாத்திரை ஒன்றரைக்கு இரண்டாக. கோட்டுக்கு மயிரிழை கீழே வந்து பாஸானேன். முறிப்பில் ஐந்து தட்டு சாப்பிட்டேன். மேஜைக்கடியில் நாற்றம் வருகிறது, எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று கேன்டீன்காரர் குனிந்து தேடினார். நானும் சேர்ந்து தேடினேன்.

முறிப்பு முடிந்து ஒன்பதாவது நாள் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உடம்புக்குப் பூரண தகுதி என்று எழுதின சீட்டு அப்போதும் என் சட்டைப்பையில் இருந்தது. என் வீட்டுக்காரி அதைத் துணியோடு சேர்த்துத் துவைத்துக் காயப் போட்டாள்.

நிதானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை? ம்ஹும். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நாலு கெட்ட வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து ஒரு முட்டையை என் கையில் வைத்தார். நான் அதைச் சுவரில் விட்டெறிந்தேன். "போய்யா! இனிமே எதுக்கு? போனது வரப்போகுதா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்து போய் முட்டையைப் பொறுக்கி, குழாயில் கழுவி, வந்து உட்கார்ந்து தானே தின்றார்.

"இடது காலு இருக்கில்ல?" என்றார். "நாளைக்கு ரெண்டு முட்டையா கொண்டு வர்றேன். ஒண்ணு எறி, ஒண்ணு சாப்பிடு."

மறுநாள் சாப்பிட்டேன். டாக்டரிடம் கேட்டு மாத்திரையை ஒழுங்கு பண்ணிக்கொண்டேன். மூணு வாரம்தான்டா என்று அவர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சுவரில் கரியால் கோடு போட்டேன். இருபத்தொரு கோடு வந்தது. நாக்கு மறக்கவில்லை. நாற்பது வந்தது. மறக்கவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. நாலு மணிக்குப் பன் தட்டுகளை வெளியே எடுப்பார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வாசனை இடுக்கு வழியாக வந்துவிடும். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை ஒரு பன்னுக்காக அழுதான் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள், சிரியுங்கள்.

நிதானம் தினமும் ஐந்து மணிக்கு வருவார். அந்த ஒரு விரல் இல்லாத காலோடு, தடியை ஊன்றிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வருவார். அவர் வீட்டிலிருந்து தெருமுனை வழியாக வந்தால் பத்து நிமிஷம். அவரோ பின்பக்கமாக, குட்டையைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் நடந்து வருவார்.

"ஏண்ணே இப்படிச் சுத்தி வர்றீங்க?"

"நடந்தா நல்லதுடா."

வந்து உட்கார்ந்ததும் என் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்ப்பார். பிறகு அவருடைய இரண்டு காலையும் நான் பார்க்க வேண்டும். அது எங்கள் இரண்டு பேருடைய ஒப்பந்தம். நாலு வருஷத்தில் நான் மூன்று தடவை திருட்டுத்தனமாகத் தின்றேன். மூன்று தடவையும் அவரிடம் சொன்னேன். "சரி, இன்னைக்கு என்ன பண்ணப்போறே?" என்று மட்டும் கேட்பார். எனக்கு அவமானமாக இருக்கும். இந்த மனுஷன் மூன்று வாரத்தில் ஜெயித்ததை என்னால் நாலு வருஷத்தில் முடியவில்லையே, நான் என்ன பிறவி என்று என்னை நானே காறித் துப்பிக்கொள்வேன். "உங்களுக்கு என்னண்ணே, நாக்கு செத்துப்போச்சு" என்று ஒரு நாள் பொறாமையோடு சொன்னேன். அவர் சிரித்தார்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி இறங்கி, ஒன்பது நாளில் போய்விட்டார். அறுபத்தாறு வயது. சர்க்கரையால் போகவில்லை, முட்டையாலும் போகவில்லை. காய்ச்சலில் போனார். அவ்வளவுதான் விஷயம்.

அவரைக் கொண்டுபோன பிறகு கூடம் காலியாகிவிட்டது. நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன். அண்ணி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"அவரு மாதிரி மனுஷன் கிடையாது அண்ணி. நாக்கையே ஜெயிச்சவரு. மூணே வாரத்துல எல்லாத்தையும் மறந்துட்டாரு. நானும் நாலு வருஷமா முக்கறேன், எனக்கு மறக்க மாட்டேங்குது."

அண்ணி என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"யாரு மறந்தது?"

"அவருதான். சோறு மண்ணு மாதிரி இருக்குன்னாரே."

"தம்பி, நான் எனக்கு ஒரு பிடி அரிசி போட்டா, அது வேகுற வாசனை தாங்காம எழுந்திருச்சு வாசலுக்குப் போயிடுவாரு. மழையா இருந்தாலும் அங்கதான் நிப்பாரு. அதைப் பார்க்கச் சகிக்காம நானே அரிசி போடறதை விட்டேன். பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட அவருக்கு அது விட்டுப் போகல. உங்க தெருமுனையில பேக்கரி இருக்கில்ல? அதைத் தாண்டி வர பயந்துக்கிட்டுத்தான் அந்தக் காலை வெச்சுக்கிட்டு குட்டையைச் சுத்தி வருவாரு."

"நடந்தா நல்லதுன்னு சொன்னாரே அண்ணி."

"உங்ககிட்ட சொன்னாரு. ஏன் தம்பிகிட்ட இப்படிப் பொய் சொல்றீங்கன்னு கேட்டேன். தினமும் கஷ்டம்தான்னு நெஜத்தைச் சொன்னா அவன் ஆரம்பிக்கவே மாட்டான்டின்னாரு. உங்களுக்குக் கால் போனப்புறம் மறுபடி கேட்டேன். இப்ப சொன்னா விட்டுடுவான், இன்னொரு காலு போயிடும்னாரு."

படுபாவி. நாய் குறுக்கே வந்தது என்று ஒரு பொய்யைச் சொல்ல வாய் வராத மனுஷன். தன் ஸ்டியரிங்கைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை, என் காலுக்காகப் பதினாலு வருஷம் சொல்லியிருக்கிறார். கேன்டீனில் அந்தத் தட்டை அவர் எப்படிப் பார்த்தார் என்பது கண் முன்னால் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன். கிடத்தியிருந்தபோது வராத அழுகை, வெறும் கூடத்தில் வந்தது. அண்ணி என் முழங்காலில், இருக்கிற காலில், கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மைத்துனர் ஒரு தட்டில் ஆவி பறக்கச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். காலையில் பேசியது எனக்குக் கேட்டிருக்கும் என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, குரல் இறங்கியிருந்தது.

"காலையிலேருந்து பட்டினியா இருக்கீங்க. துக்கத்துல பத்தியம் எல்லாம் பார்க்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிடுங்க."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அவர் போன அன்றைக்கே, அவர் வீட்டுக் கூடத்திலேயே ஊறியது. மைத்துனர் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார். தட்டுக்கு அப்பால் தரையில் என் இடது கால் தெரிந்தது. இனிமேல் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை எடுத்து மடியில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

"இன்னைக்கு வேணாம்" என்றேன்.

சொன்ன பிறகும் அந்தத் தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அண்ணி எழுந்து உள்ளே போய் இரண்டு முட்டையை வேகப் போட்டாள்.